முழு மூச்சுக்கு ஓர் அளவு

ஏப்ரல் 8, செவ்வாய்

புது பைண்டர் வந்துவிட்டது, மார்பைத் தட்டையாக்கிக் காட்டும் இறுக்கமான உள்ளாடை. மளிகைக்கடைத் தபால் கவுன்ட்டரில் பார்சலை வாங்கி, சட்டென்று பைக்குள் போட்டேன். வெறும் சாம்பல் நிற உறைதான், மேலே ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் கவுன்ட்டர் பெண்ணுக்கு உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது போல ஒரு பயம்.

தலைவழியே இறக்கினேன். தோளில் சிக்கி, இரண்டு கையும் மேலே நின்றுவிட்டன. கண்ணாடி முன்னால் பிடிபட்ட திருடன் மாதிரி நின்றேன். அப்புறம் ஒருவழியாக இறங்கியது. தட்டை. பழையது துவைத்துத் துவைத்துத் தொளதொளவென்று ஆகி, மார்பை மறைக்கிறேன் என்று பேருக்குத்தான் இருந்தது. இது அப்படியில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

அதோடேயே எங்கள் ஊதுவாத்தியக் குழுவின் ஒத்திகைக்குப் போனேன். முதல் பாட்டிலேயே மூச்சு முட்டியது.

ஏப்ரல் 9

நேற்று நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. மே பதினேழு, தேசிய நாள் காலை, ஊர்வலத்துக்கு முன்னால், போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லுக்கு மலர்வளையம் வைக்கும்போது எங்கள் குழு மெதுவான பாட்டு ஒன்று வாசிக்கும். அதில் நான் ஊதும் கார்னெட் என்ற சின்ன எக்காளத்துக்கு மட்டும் ஒரு நீண்ட வரி. ஒரே மூச்சில் போகவேண்டும். இந்த வருடம் அது எனக்கு. நேற்று அதை நடுவில் உடைத்தேன்.

பக்கத்து நாற்காலி ஸ்டைனர், "என்னடா, பாட்டுக்கு நடுவுல காபி குடிக்கப் போயிட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன்மேல் கோபமில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒத்திகை முடிந்ததும் எழுந்து நின்று, பழைய பெண் பெயர் வேண்டாம், இனிமேல் என் பெயர் அஸ்லாக் என்று சொன்னபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஸ்டைனர்தான், "சரி அஸ்லாக், நோட்டு ஸ்டாண்டை மடி, கதவைப் பூட்டணும்" என்றான். ஆனால் பைண்டர் விஷயம் அவனுக்கும் தெரியாது.

ஏப்ரல் 12

நான் வேலை செய்யும் கார்ப் படகில் நாள் முழுக்க மழை. கார்களைக் கைகாட்டி ஏற்றுகிற வேலைக்கு ஆரஞ்சு மழைக்கோட்டு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் யாருக்கு என்ன உருவம் என்று கடவுளுக்கே தெரியாது. அங்கே எனக்குப் பயமே கிடையாது. கோட்டைக் கழற்றும் இடங்களில்தான்.

வலது விலா வலிக்கிறது. பைண்டரைச் சீக்கிரமே கழற்றியும் வலிக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றும் உடைந்தது. கண்ணுக்கு முன்னால் புள்ளி புள்ளியாய்ப் பறந்தது. எங்கள் குழுவை நடத்தும் தூருன் கோலை இறக்கிவிட்டு, "உடம்பு சரியில்லையா? வேணும்னா அந்த வரிய ஸ்டைனர் வாசிக்கட்டும். தப்பா எடுத்துக்காத" என்றார். போகும்போது வழக்கமானதையும் சொன்னார்: "வாசிக்காதப்ப கார்னெட்டை இறக்கிப் பக்கத்துல பிடி. கைக்குழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்காத."

எத்தனை வருடமாய்ச் சொல்கிறார். எதற்காக அணைத்துக்கொள்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

இந்த வருடம் ஊர்வலச் சீருடைக்கு ஆண்கள் கோட்டு கேட்டிருக்கிறேன். நெஞ்சோடு ஒட்டி நிற்கிற தையல். பைண்டரக் கழட்டினா வாசிக்கலாம். கழட்டினா அந்தக் கோட்டுல நிக்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்னா எதை விடறது? ஏன் எனக்கு மட்டும் எப்பவும் ரெண்டுல ஒண்ணு?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பைண்டருக்குப் பதில் துணிப்பட்டையை மார்பில் சுற்றிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. வேண்டாம். அது மூச்சுக்கு மூச்சு இன்னும் இறுக்கும். பெரிய அளவு வாங்கினால்? மார்பு தெரியும். தெரிந்தால்?

ஏப்ரல் 20

வரியை ஸ்டைனருக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று சீருடை அளவு. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில் ஹால்டிஸ் கழுத்தில் டேப்போடு நின்றார். சீருடைகள் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அதே வார்த்தைதான்: "மூச்சை இழு. இன்னும். வாசிக்கறப்ப எவ்வளவு இழுப்பியோ அவ்வளவு. பிடி." எங்கள் குழுவில் முழு மூச்சில்தான் கோட்டுக்கு அளவு எடுப்பார்கள். ஒரு வருடம் அப்படி எடுக்காமல், ட்ராம்போன்காரர் பொத்தான் தெறித்து முன்வரிசைப் புல்லாங்குழலில் போய் டங்கென்று பட்டது.

என் முறை வந்தது. இழுத்தேன். டேப் நகரவேயில்லை.

"இழுடா."

"இழுத்துட்டேன்."

"இவ்வளவுதானா? போன வருஷம் டேப் என் கைய விட்டு ஓடுச்சு. எங்கடா போச்சு உன் மூச்சு? போன வருஷ அளவையே எழுதிக்கறேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. பைண்டருக்கு அளவு எடுத்தபோது இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, வயிற்றை எக்கி, டேப்பையும் இறுக்கிப் பிடித்தேன். அதற்கும் கீழே ஒரு அளவு சின்னதாகக் கேட்டேன். சின்னதானால் இன்னும் தட்டை என்று. பள்ளிக்கூட நாளிலிருந்து ஹால்டிஸ் முன்னால் முழு மூச்சை இழுத்துப் பிடித்து அளவு கொடுக்கிறவன் நான். சுத்த மடையன்.

ஏப்ரல் 23

சமையலறையில் கார்னெட்டை வாயில் வைத்து, அந்த வரிக்கு இழுப்பது போல இழுத்து, டேப்பைப் பிடித்தேன். எண்ணைப் பார்க்கவே பயம். பார்த்தேன். அதே அளவில், குறைக்காமல், இன்னொரு பைண்டர் கேட்டு எழுதிவிட்டேன். விலாவுக்கு மேலேயே முடிகிற குட்டையான வகை, பக்கத்தில் கொக்கி.

மே 2

வரவில்லை. வந்தாலும் தட்டையாக இருக்குமா?

மே 6, செவ்வாய்

பழையதைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். வரி ஒரே மூச்சில் போனது. ஆனால் ஒத்திகை முழுக்கக் கூனிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஸ்டைனர் பிடித்துக்கொண்டான். "மூச்சு இருந்தா முதுகு இல்ல, முதுகு இருந்தா மூச்சு இல்ல. என்னதான்டா உனக்கு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், சைக்கிள் பூட்டைப் பார்த்துக்கொண்டே.

"இதானா? நான் ஆஸ்துமான்னு நெனச்சு எங்கம்மாகிட்ட வேற கேட்டு வெச்சேன்" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டே, "தூருன் அந்த வரிய என்கிட்ட குடுக்கறேன்னாங்க. வேணாம்னுட்டேன். அந்த மேல் சுரம் எனக்கு வராதுன்னு ஊருக்கே தெரியும்" என்றான்.

அழுகை வந்தது. மழை பெய்ததால் தப்பித்தேன்.

மே 9

வந்துவிட்டது. மற்றதைப் போல அவ்வளவு தட்டை இல்லை. மேலே சீருடைக் கோட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினேன். மூச்சை இழுத்தேன். போய்க்கொண்டே இருந்தது.

தெரிகிறதா? தேடிப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது. ஊர் தேடிப் பார்க்குமா?

மே 13, செவ்வாய்

ஒரே மூச்சு. ஸ்டைனர் மட்டும், "காபிக்கடைய மூடிட்டாங்களா?" என்றான்.

மே 16

கோட்டு நாற்காலிமேல் தொங்குகிறது. ஊரே வரும். கார்னெட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தூருன் திட்டினால் திட்டட்டும்.

மே 18, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நினைவுக்கல், பள்ளி ஊர்வலம், அப்புறம் ஊரைச் சுற்றி எங்கள் ஊர்வலம், மழை, நனைந்த சாசேஜ் ரொட்டி. மத்தியானம் இடைவேளையில் பைண்டரைக் கழற்றி வைத்தேன். விலாவில் ஒரு தடம்கூட இல்லை.

காலையில் ஸ்டைனர் ஒரு படம் அனுப்பியிருந்தான். நினைவுக்கல் முன்னால், என் வரி ஒரே மூச்சில் முடிந்த பிறகு எடுத்தது. என்னைத் தேடினேன். பழைய படங்களில் என்னைக் கண்டுபிடிப்பது சுலபம்: கார்னெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறவன் நான். இதில் அப்படி யாருமே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டைனருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறேன். கார்னெட் தொடையோரம் தொங்குகிறது. எப்போது இறக்கினேன் என்று ஞாபகமில்லை.