டாலர் போடாத வரி

இன்று காலை கேட்டில் யாருடைய கார்டையோ மெஷின் ஏற்காமல் கத்தியது. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன். உன் கார்டுக்கும் அது இப்படித்தான் கத்தியது.

நீ ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி எனக்கும் இடம் பிடித்து வைப்பாய். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் ரெஜெக்ஸில் ஒரு குறியாவது படித்துவிட வேண்டும் என்பது நம் பந்தயம். கம்ப்யூட்டரில் ஆயிரம் வரிகளிலிருந்து நாம் கேட்கும் வடிவத்தை மட்டும் பொறுக்கித் தரும் குறிகள். உனக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். எனக்கு நாலு நாள் ஆகும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

"கடைசில டாலர் குறி போட மறந்துடாதடி, இத்தோட முடியுதுன்னு அதுக்கு அர்த்தம். இல்லன்னா பின்னால இன்னா இருந்தாலும் வாரிக்கினு வந்துடும்" என்பாய்.

இருவரும் கான்ட்ராக்ட். ஆபீசில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. இன்டர்வியூவுக்கு முந்தின நாள், கான்ட்ராக்டர் எண் 12-இன் ஆட்களுக்கு கேட் பாஸை ரத்து செய்யச் சொல்லி லிஸ்ட்டை என்னிடம் கொடுத்தார்கள். 12-இல் தொடங்கு என்று எழுதினேன், டாலர் போடவில்லை. மறந்துதான் போனேன், சத்தியமாக. திரையில் 12 எல்லாம் மஞ்சளானது. கடைசியில் 127-உம் மஞ்சளானது. அந்த எண்ணில் இருந்தது நீ ஒருத்திதான். உன் பெயரை இரண்டு முறை படித்தேன். பிறகு என்டரைத் தட்டினேன்.

மறுநாள் கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "மேடம், ஒரு பொண்ணு இன்டர்வியூன்னு சொல்லிக்கினு நிக்குது. உள்ள வுடலாமா?"

"லிஸ்ட்ல இல்லன்னா வுடாதீங்க" என்றேன்.

அவர் பக்கத்தில் உன் குரல் கேட்டது. வெயிலில் மதியம் வரை நின்றாயாம். சாயந்திரமே லிஸ்ட்டைச் சரிசெய்துவிட்டேன். வேலை எனக்குக் கிடைத்திருந்தது. அதன் பிறகும் நீ எனக்கு இடம் பிடித்து வைத்தாய், அதுதான் தாங்க முடியவில்லை. நான் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தேன். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

சாவு வீட்டில் உன் அம்மா என் கையை விடவே இல்லை. "மெஷின் தப்பும்மா, அவ இன்னா பண்ணுவான்னு உனக்காகச் சண்ட போடுவா" என்றார்கள். டாலரைச் சொல்லிக்கொடுத்தவளே நீ. உனக்கா தெரியாமல் இருந்திருக்கும்?

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் ரெஜெக்ஸ் சொல்லித்தருகிறேன். டாலரை விட்டுவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் மறப்பதுதான், நானும் மறந்திருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். மஞ்சளில் உன் பெயரைப் பார்த்ததை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.