மேஸ்திரியின் காதுக்குள் எழும்பிய மேடுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் முதல் நினைப்பு. சலவைக் கடையில் நாள் முழுக்க ஆவிக்கு நடுவே நின்று துணி தேய்ப்பதால் வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணுக்குச் சுவரெல்லாம் கொஞ்சம் மிதக்கிறது. அப்பா பணிமனையிலிருந்து வந்து ஒரு செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுகிறார், இன்னொன்றை நான்தான் கழற்றுகிறேன். சுற்றி வளைக்கிறேன் பார். போனில் சொல்லத் தைரியம் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ எங்களிடம் விட்டுப்போன முயல், வீட்டில் யார் என்ன செய்தாலும் வந்து மேற்பார்வை பார்க்கும் உன் மேஸ்திரி, மூன்று மாதமாக உன் குரலுக்கு ஓடி வரவில்லை. முன்பெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தால் எங்கிருந்தாலும் வந்து அதன்மேல் தாடையைத் தேய்க்குமே, அது நின்றுவிட்டது. நீ கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய், அது பாட்டுக்கு ஜன்னல் வெயிலில் படுத்திருக்கும். அப்பா, அவளை அது மறந்துடுச்சு போல, அவகிட்ட சொல்லாதே, அங்க தனியா உக்காந்து அழுவா என்றார். எனக்கும் மனசு வரவில்லை. வந்துச்சாம்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் வாய் கூசாமல் வந்துச்சு, தேய்ச்சுச்சு என்றேன். நீ சிரிப்பாய், அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் தாங்கும்.

போன வாரம் நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தன் தண்ணீர்க் கிண்ணத்திலேயே முட்டிக்கொண்டது. கடையில் விரித்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா தொங்கும் காதைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்து, வெளிய சுத்தமா இருக்கு, ஆனா இந்த மாதிரி தொங்கற காதுல உள்ளுக்குள்ள சீழ் பிடிச்சாலும் தெரியாது, எவ்வளவு கேக்குதுன்னு சோதிச்சுப் பாத்துடலாம் என்றார். திரை போட்ட சின்ன அறை. லேசாக மயக்கம் கொடுத்து, தலையில் முடிபோன்ற ஊசிக் கம்பிகள் குத்தி, காதில் குழாய் வைத்தார்கள். உள்ளே டிக் டிக் என்று நூற்றுக்கணக்கில் சத்தம் போகிறதாம், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. நல்ல காதென்றால் சின்னச் சத்தத்துக்கே அதில் மேடு மேடாக எழும்புமாம். இடது காதுக்குச் சத்தத்தைக் கூட்டிய பிறகுதான் எழும்பியது. வலது காதுக்குக் கூட்டிக்கூட்டி, பக்கத்தில் நிற்கும் எனக்கே டிக் டிக் கேட்கத் தொடங்கியது, அப்போதும் கோடு படுத்தே கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் ஒரு மேடு, அதன் பின்னால் இன்னொன்று, போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்குவதுபோல மெதுவாக எழும்பின. நரம்பு உயிரோடதான் இருக்கு, நடுவுல வழிதான் அடைஞ்சிருக்கு என்றார் டாக்டரம்மா. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் சீழ். எப்பலேர்ந்து கூப்பிட்டா வரல என்று கேட்டார். மூணு மாசமா என்றேன். அப்பவே கொண்டுவந்திருந்தா மருந்தோட போயிருக்கும் என்றார், குரலைக் கூட உயர்த்தவில்லை.

உன்னிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டர்கிட்ட காட்டும்மா என்றிருப்பாய். அது உன்னை மறக்கவே இல்லை, நீ கூப்பிட்டது அதற்குப் போய்ச் சேரவில்லை. உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன், செவ்வாய்க்கிழமை வலது காதைத் திறந்து சுத்தம் செய்துவிட்டார்கள். இப்போது கீரை தின்கிறது. இடது காது தேறிவிடும் என்கிறார்கள், வலதுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. திட்டுவதானால் என்னைத் திட்டு, அப்பாவை விட்டுவிடு, அவர் தினமும் அதன் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறார்.

இனி வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்வேன். நீ எப்படி இருக்கே என்று கேட்டால் இப்போதெல்லாம் ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் நல்லா இருக்கேன்மா என்கிறாய். அதைக் கேட்டு நானும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுகிறேன். மூன்று மாதம் கழித்து எனக்குத் தெரிய வேண்டாம், கண்ணு. நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல், அழுதுகொண்டே சொன்னாலும் சரி, நான் தாங்குவேன். எங்கள் ஆசி எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. பதில் எழுத மறக்காதே.

உன் பொய்க்கார அம்மா