படத்தில் காத்து வைத்த இடம்

விகாரி வருஷம் பங்குனி மாதம், பழவேற்காடு கோட்டைக்குப்பம்.

கடல் தாண்டிப் பத்தாவியாவில் இருக்கும் என் பிள்ளை பூபதிக்கு அம்மா செல்வம்மாள் ஆசையோடு சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் அம்மன் புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் பேச்சை எழுதுகிறவர் நம் மாசிலாமணி அண்ணன், கோட்டையில் இருக்கிற உலாந்தா வெள்ளைக்காரர்களுக்குத் துணியில் பூவும் கொடியும் எழுதிக் கொடுக்கிறவர், உனக்குத் தெரியாதவரா. நான் பேசுகிற வேகத்துக்குத் தன் கை ஓடவில்லை என்று இப்போதே முணுமுணுக்கிறார். தோணிரேவில் வாழ்க்கைப்பட்ட உன் தங்கச்சி லோகநாயகிக்கு மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம், மூக்கு மட்டும் அப்படியே உன் மூக்கு, பாவம் என்ன செய்வது. ஏரியில் இந்த வருஷம் இறாலுக்குக் குறைவில்லை, மடவை மீனும் கூடை கூடையாக வருகிறது, தின்னத்தான் நீ இல்லை.

உன் கடிதம் தை மாதக் கப்பலில் வந்தது. ஆவணியோடு உலாந்தாக்காரர்களிடம் உன் வேலைத் தவணை முடிகிறது, மறுபடியும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். என் படகுல உனக்கு எடமில்லன்னு நைனா சொன்ன பிறகு அங்கே வந்து நான் எங்கே உட்காருவேன் என்றும் கேட்டிருந்தாய். அதைப் படிக்கக் கேட்டு நான் ஓவென்று அழுதேன். உன் நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னே கோபத்தில் சொன்ன ஒரு சொல்லை அவரும் விழுங்க மாட்டார், நீயும் மறக்க மாட்டாய், நடுவில் நான் ஒருத்தி கிடந்து அல்லாடுகிறேன். உன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் முதலில் ஒரு படத்தின் கதையைக் கேள், கேட்காமல் கடைசி வரிக்கு ஓடாதே.

கோட்டைக்கு ஒரு துரை வந்திருக்கிறார், படம் எழுதுகிறவர். அவர் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, பக்கத்தில் போனாலே எண்ணெய் வாடை, அதனால் குப்பத்தில் அவருக்கு எண்ணெய்த்துரை என்றே பெயராகிவிட்டது. தண்ணீரிலிருந்து கோட்டையைப் பார்த்து எழுத வேண்டும் என்று உன் நைனா படகில் ஏறினவர், கோட்டையை விட்டுவிட்டு நைனா முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். உன்னை எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவர் கொண்டு வந்த துணியெல்லாம் கப்பலில் உப்புத்தண்ணீர் பட்டுப் பூசணம் பூத்துவிட்டது, ஆகையால் நம் பழைய படகுப் பாயைக் கேட்டு வாங்கி, கட்டையில் மத்தளத்தோல் மாதிரி இழுத்து ஆணி அடித்தார். அதில் நீ போகிறதற்கு முன் கோணல்மாணலாகத் தைத்த ஒட்டு அப்படியே இருக்கிறது. மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த அழுக்குப் பழுப்பாக இருக்கிறதே, சுண்ணாம்பாவது அடியுங்கள் என்றேன். வேண்டாமாம், வெயிலில் காய்ந்த உடம்புக்கு அந்தப் பழுப்பே அடியிலிருந்து சூடு கொடுக்குமாம். துரைக்குத் தமிழ் நாலு வார்த்தை, மாசிலாமணி அண்ணனுக்குப் பறங்கிப் பேச்சு நாலு வார்த்தை, மீதியெல்லாம் கையாட்டல்தான்.

நாலு நாள் கழித்துப் படத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் தேன் மாதிரி பளபளக்கிறது, மறுபக்கம் ஒரே இருட்டு. கூட வந்த பக்கத்து வீட்டு நாகம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, இன்னாடி செல்வம்மா, உன் ஊட்டுக்காரரு பாதி மூஞ்சில கரி பூசிக்கினாரான்னு கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முந்தானையை நனைத்து ஒரு துடை துடைத்துவிட்டேன். மாசிலாமணி அண்ணன் சாயவேரில் கொதிக்க வைத்த சிவப்பை ஏரியில் அடித்துத் துவைத்தாலும் போகாதே, இதுவும் அப்படி அழுத்தமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு எனக்கு. இது போய்விட்டதப்பா. எண்ணெயில் குழைத்த நிறம் நம் ஊர் ஈரத்தில் காயவே இல்லை, நைனாவின் கன்னம் பாதி என் முந்தானைக்கு வந்துவிட்டது, துரை தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, நைனாவை வாசற்படியில் உட்கார வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் நிஜமாகவே இருட்டாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம், அந்த இருட்டுப் பக்கத்தில் இவ்வளவு கவலை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். துரை அதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார், நான் அதைப் போய்த் துடைத்திருக்கிறேன். மறுபடி எழுதினார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது முக்கியமானதைக் கேள். படகின் குறுக்குப் பலகையில் நடுவில் உட்காரச் சொன்னால் நைனா ஓரமாகப் போய் உட்காருகிறார். துரை இழுத்து இழுத்து நடுவில் வைக்கிறார், இவர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கே போகிறார். படம் ஒரு பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் ஒரு மீன்கூடையாவது வைக்கிறேன் என்றார் துரை. வேண்டாம் என்றார் நைனா. பானை? வேண்டாம். ஒரு நாரை? வேண்டவே வேண்டாம். கடைசியில் உன் நைனா, அது பூபதி குந்துற எடம், அங்க ஒண்ணும் வெக்காதன்னு சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். துரைக்கு முதலில் விளங்கவில்லை. மாசிலாமணி அண்ணன்தான் தன் துணி ஒன்றைக் கொண்டு வந்து விரித்து, நீலத்துக்கு நடுவில் வெள்ளையாக இருந்த பூவைக் காட்டினார். இந்த வெள்ளை மறந்து விட்டுப்போன இடம் இல்லை, நீலத்தொட்டியில் முக்கும்போது சாயம் ஏறாமல் மெழுகு வைத்துக் காத்த இடம் என்று சொன்னார். துரை வெகு நேரம் அதையே பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. அங்கே வெறும் பாய்தான், உன் கோணல் தையல் நன்றாகத் தெரிகிறது.

கடைசி நாள் படத்தின் மூலையில் எழுத என்னிடம் நைனாவின் பெயரைக் கேட்டார் துரை. அண்ணன் அன்றைக்கு வரவில்லை. கட்டின புருஷன் பெயரை நான் எப்படி வாயால் சொல்வேன், பூபதியோட நைனான்னு சொன்னேன். அந்த மனுஷன் அதுதான் பெயர் என்று நினைத்துத் தன் எழுத்தில் எழுதிவிட்டார். சாயங்காலம் நைனா வந்ததும், பூபதியோதநைனா என்று ஒரே மூச்சில் வாசித்துக் காட்டினார். நைனா சிரித்தாரடா. கோட்டைச் சிப்பாய் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். சரியாத்தான் எழுதிகீறான், இருக்கட்டும்னு சொன்னார். இப்போது பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இவர் பூபதியோட நைனான்னா பூபதி எங்கேன்னு கேட்கிறார்கள். நைனா அந்த வெறும் பாயைக் காட்டுகிறார்.

ஆகையால் படத்தை அனுப்பச் சொல்லாதே, பாதிதான் முடிந்திருக்கிறது. துரை அடுத்த தை மாதக் கப்பலில் ஊருக்குப் போகிறார், அதற்குள் நீ வந்து உட்கார்ந்தால் மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே, அங்கத்து உலாந்தாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வராதே, நைனா பக்கத்தில் பொருந்தாது. அம்மன் உன் கூடவே கப்பலேறி வரட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும் ராசா.

இப்படிக்கு உன் வரவுக்கு உலை வைத்துக் காத்திருக்கும் அம்மா,
செல்வம்மாள்.

மடிக்கப் போன காகிதத்தை நைனா தடுத்துவிட்டார். இது அவர் சொன்னது, மாசிலாமணி அண்ணன் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை: எடம் கீதுன்னு எழுது.