கிராசியேலா ஆன்ட்டியின் அண்ணன்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. டெக்சாஸின் இந்த இர்விங் ஊர் முழுக்க ஈரம். துணியை எடுத்துக்கொண்டு லாண்ட்ரி ரூம் போனேன். கீழ்வீட்டு கிராசியேலா ஆன்ட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். அர்ஜென்டினாக்காரர், அறுபது இருக்கும். மடியில் போன். "என் அண்ணன் போயிட்டான்" என்றார் ஆங்கிலத்தில். மெஷின் நின்ற பிறகும் இருவரும் எழவில்லை.

மார்ச் 5, புதன்

அண்ணன் பெயர் ரூபன். ராக் பாடகர். ஆன்ட்டி சொன்னது மறக்கும் முன் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு பேக்கரி, மாவு மூட்டை நடுவே கிடார் பழகினார். ராணுவ ஆட்சியில் அவர் பாட்டு ரேடியோவில் வரக் கூடாது. ஸ்பெயினுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது மைதானம் கொள்ளாத கூட்டம். பிறகு தொண்டையில் புற்றுநோய், குரல் போனது. அப்போதும் மேடை ஏறினார். கிடார் மட்டும் அவர், பாட்டு கூட்டத்தினுடையது.

"ஊரே அவனுக்காகப் பாடுச்சு. நான்தான் அதை நேர்ல கேட்டதில்லை."

ஆன்ட்டி இங்கே வந்து பன்னிரண்டு வருடம். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில். இப்போது வெளியே போனால் அது ரத்து. இங்கேயே இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

மார்ச் 6, வியாழன்

சனிக்கிழமை அடக்கம். ஆன்ட்டி டிக்கெட் போட்டுவிட்டார். மகளிடம் சொல்லவில்லை.

"ஏங்க, நாளைக்கு அவங்கள ஏர்போர்ட்ல விடணும்" என்றேன் செந்திலிடம்.

"போனா திரும்பி வர முடியாதுன்னு தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியும்."

"நீ எதுவும் அட்வைஸ் பண்ணாத. நம்ம விசா எக்ஸ்டென்ஷனே இன்னும் வரல."

என்னவர் சொல்வது சரிதான். மூன்று வருடமாக எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, ஊருக்குப் போகவும் பயம். தம்பி கல்யாணத்தை லேப்டாப்பில் பார்த்தேன். தாலி கட்டும்போது நெட் நின்றது.

அரிசி, தயிர் வாங்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் நாலு மணிக்கு நானும் ஆன்ட்டியும் கிளம்பினோம். ஒரே ஒரு பை. ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிறுத்தியும் ஆன்ட்டி இறங்கவில்லை. போனில் ரூபன் வீட்டு வாசல் லைவ். தெரு முழுக்கப் பாடுகிறார்கள். அந்த ஊர்ச் சீருடையான வெள்ளைக் கோட்டு போட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கும் எல்லா வரியும் தெரிகிறது. மகள் கூப்பிட்டாள். "கடைக்கு வந்தேன், கண்ணு" மாதிரி ஏதோ ஸ்பானிஷில் சொன்னார். கை மட்டும் கதவுப் பிடியில். விமான நேரம் தாண்டியது.

"வீட்டுக்குப் போகலாம்" என்றார். வழியில் நிஜமாகவே கடைக்குப் போய் ரொட்டி வாங்கினார்.

மார்ச் 8, சனி

அடக்கம் முடிந்திருக்கும். கீழே ஆன்ட்டி பாடுகிறார். உரக்க, சுருதி இல்லாமல். செந்தில் ஆஃபீஸ் மீட்டிங்கை மியூட் பண்ணிவிட்டு, "என்ன சத்தம் அது? கீழ போய் சொல்லிட்டு வா" என்றார்.

போகவில்லை. கார்ப்பெட்டில் உட்கார்ந்து கேட்கிறேன். இது மூன்றாவது பாட்டு.