ஆறு வயது குறைத்துச் சொன்னேன்

என் பொன்னு அக்காவுக்கு,

உன் மகளுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. யார் தூக்கினாலும் தாடையைக் கடிக்கிறாள். எட்டாம் மாதத்தில் அவசரமாக எடுத்த பிள்ளை என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிறுதோறும் நாகர்கோவிலில் டியூட்டி முடிந்ததும் அருமனையில் உன் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுகிறேன். என்னைக் கண்டதும் தாவி வருகிறாள். அப்போதுதான் உன் முகத்தை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணுக்கு எத்தன வயசு?" என்று உன் மாமியார் கேட்டார். அம்மா வாயைத் திறக்கும் முன்னே நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி "முப்பத்தி மூணு" என்றேன். உனக்கு முப்பத்தொன்பது. அண்டியாபீசில் நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து என்னை நர்ஸ் படிக்க வைத்ததில் போன வயது அது. உன் நல்லதுக்குச் சொன்னேன் என்று நீ நினைத்தாய். உனக்குக் கல்யாணம் ஆகாமல் எனக்கு ஆகாதே, அதற்காகத்தான் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து நீ உண்டானபோது முதல் செக்கப். மாமியாரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வயது கேட்டதும் நீ என்னைப் பார்த்தாய். நான் முப்பத்தைந்து என்று எழுத வைத்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, "நாம தனியாப் போயி சொல்லிருவமா, மக்கா?" என்று கேட்டாய்.

"சும்மா இரு அக்கா. அவியளுக்குத் தெரிஞ்சா மானம் போவும். பிரஷரெல்லாம் ஆஸ்பத்திரில எப்படியும் பாத்துருவாவ."

நாற்பது தாண்டிய முதல் கர்ப்பத்தில் பிரஷரும் சர்க்கரையும் என்னவெல்லாம் செய்யும் என்று வார்டில் பார்த்தவள் சொன்ன பதில் இது. நானெல்லாம் என்ன நர்ஸ்?

எட்டாம் மாதம் ஒரு காலையில் தலைவலிக்கிறது என்றாய். ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று அத்தான் போனார். திரும்பி வந்தபோது உனக்கு வலிப்பு வந்திருந்தது. பிள்ளையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வயசு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். சின்ன வயசுக்காரிக்கும் இது வரும். ஆனா தெரிஞ்சிருந்தா முதல்லயே மாத்திரை தொடங்கி, அடிக்கடி வரச்சொல்லிப் பாத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

அத்தானுக்கு இது எதுவும் தெரியாது. ரப்பர் வெட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். போன ஞாயிறு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு நான் பால் எடுக்கப் போவாம இருந்திருந்தா அவ பொழச்சிருப்பா, இல்லியா மக்கா?" கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். பத்து மாதமாக அந்த மனுஷன் என் பாவத்தையும் சேர்த்துச் சுமக்கிறார், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வருகிற ஞாயிறு சொல்லப்போகிறேன் அக்கா, மாமியாரையும் உட்காரவைத்து. நீ சொல்ல நினைத்ததையும், நான் தடுத்ததையும் சொல்வேன். அதன் பிறகுதான் இந்தக் கடிதம் நாலு பேர் கண்ணில் படும். இனி இந்த வாசலை மிதிக்காதே என்பார்கள். பிள்ளையை என் கையில் தர மாட்டார்கள். அவளும் என்னை மறந்துவிடுவாள், மறக்கிற வயதுதானே. இதற்குப் பயந்துதான் இத்தனை நாள் வாய் மூடிக் கிடந்தேன்.

மறந்தால் மறக்கட்டும். உன்னைக் கொன்றது தான்தான் என்று நினைக்கிற தகப்பனிடம் அவள் வளரக் கூடாது. சொல்லிவிடுவேன் அக்கா, இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி