அப்பான்னு கூப்புடச் சொல்லிட்டேன், வளரு

என் வளருக்கு,

ஒன் ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்க. ஒன் நெனைவா சின்னதா ஒரு புஸ்தகம் போடறாங்களாம். "சார், மேடத்துக்கு ஒரு லெட்டர் மாதிரி எழுதிக் குடுங்க"ன்னாங்க. சரின்னுட்டேன். நீ எப்படி சிரிப்ப, சோசியாலஜிய எப்படி கதை மாதிரி நடத்துவன்னு அவங்க எழுதுவாங்க. எனக்கு அது வரல. நான் ஒரு தப்பு பண்ணிட்டு உக்காந்துருக்கேன். ஒன்கிட்டதான் சொல்ல முடியும். அவங்களும் படிச்சா படிக்கட்டும்.

நீ போயி நாப்பத்தொம்பது நாள். எனக்கு இன்னும் அழுகை வரல. மூளையில ரத்தக் கசிவுன்னு டாக்டர் சொன்னப்ப, "எந்த எடத்துல சார் கசியுது?"ன்னு கேட்டேன். ஏதோ பைப்பு மாதிரி. அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. நேத்து கூட அட்டுவம்பட்டியில ஒரு ரிசார்ட்ல பன்னெண்டு சோலார் ஹீட்டரும் சர்வீஸ் பண்ணிட்டு வந்தேன். எல்லாத்துலயும் சுடுதண்ணி வருது. நம்ம வீட்டுது மட்டும் கழட்டிப் போட்டபடியே கெடக்கு. கை போக மாட்டேங்குது. தேனுக்கு கேஸ் அடுப்புலதான் தண்ணி காய வைக்கிறேன்.

தேனு நல்லா இருக்கா. இல்ல, அது பொய். எனக்குத் தெரியல.

ஒன் ஸ்டூடன்ட்ஸுக்குக் கூட இது தெரியுமான்னு தெரியல. தேனு ஒன் மொத கல்யாணத்துல பொறந்தவ. நம்ம ரெண்டு பேரும் சேந்தப்ப அவளுக்கு நாலு வயசு. இப்ப பத்து. "அப்பான்னு கூப்புடப் பழக்குங்கப்பா, நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னு எங்கம்மா சொன்னாங்க. நீ கேக்கல. "அத்தை, அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்புடட்டும். தோணலன்னாலும் சரி"ன்ன. அன்னையிலேர்ந்து நான் அவளுக்கு முத்துதான். ஸ்கூல் கேட்டுல நின்னுக்கிட்டு "முத்தூ, வெரசா வா, குளுருது"ன்னு கத்துவா. பக்கத்துல நிக்கற அம்மாக்கள்லாம் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு உள்ளுக்குள்ள அம்புட்டு சந்தோசமா இருக்கும்.

ஒரு நாள் பாடத்துக்காகக் குடும்பப் படம் போட்டுக்கிட்டிருந்த. ஆம்பளைக்கு முக்கோணம், பொம்பளைக்கு வட்டம். தேனுக்கும் எனக்கும் நடுவுல புள்ளிப் புள்ளியா ஒரு கோடு. "என்னடி இது, லூஸ் கனெக்சனா?"ன்னேன். "ஏலே, நீ முறுக்காத. அவளா வந்து முறுக்கிக்குவா"ன்ன.

நான் முறுக்கிட்டேன் வளரு.

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஒங்க அண்ணன் தங்கராசு மச்சான் கவுஞ்சியிலேர்ந்து கோடி வேட்டி எடுத்துட்டு வந்தாரு. நம்ம கல்யாணத்துக்கு வராதவரு. கோடிய என் மேல போர்த்திட்டு அந்தத் துணியிலயே மொகத்த வச்சு அழுதாரு. நான் மரம் மாதிரி நின்னேன். எல்லாரும் சாப்புட்டு முடிச்சப்பறம் தனியாக் கூப்புட்டாரு.

"மாப்ள, புள்ளய நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"ஏன் மச்சான்? இங்கயே இருக்கட்டுமே."

"இன்னும் ரெண்டு மூணு வருசத்துல ஆளாயிருவா. சடங்குக்குப் பச்ச ஓலையில குச்சு கட்ட தாய்மாமன் நான் இருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் வகுத்த வலிக்குதுன்னா, யார்கிட்ட மாப்ள சொல்லும்? ஒங்ககிட்டயா?"

அக்கா செல்லத்தாயி, மச்சான் சம்சாரம், பின்னாலேர்ந்து சொன்னாங்க: "அப்பன்னா கூட வேற. பேர் சொல்லிக் கூப்புடற ஆளு வீட்டுல பொம்பளப் புள்ளய எப்படி விடறது? ஊர் என்ன பேசும்?"

அவங்க கெட்டவங்க இல்ல. அதான் கஷ்டம். கெட்டவங்களா இருந்தா சண்ட போட்டுருப்பேன்.

வக்கீலப் பாத்தேன். தத்து எடுத்த பேப்பர் இருக்கான்னாரு. இல்ல. ஸ்கூல்ல அப்பா பேரு? ஒன் மொதப் புருசன் பேருதான் இருக்கு. அவரு திருப்பூர்ல வேற குடும்பமா இருக்காரு, புள்ளயப் பாக்க ஒரு தடவ கூட வந்ததில்ல. "அவளுக்கு வெவரம் தெரியட்டும், அவளே முடிவு பண்ணட்டும்"ன்னு நாமதான் எல்லாத்தையும் தள்ளிப் போட்டோம். ஒனக்கு முப்பத்திநாலு வயசு. அவசரம் என்னன்னு நெனச்சோம். நீ எத்தன கிளாஸ்ல சொல்லிருப்ப, குடும்பம்ங்கறது மனுசங்க தேர்ந்தெடுக்கறதுன்னு? தேர்ந்தெடுத்தவங்கள்ல ஒருத்தர் செத்துட்டா மிச்சப் பேரு யாருக்கு யாருன்னு எந்தக் கிளாஸ்ல சொன்ன?

போன ஞாயித்துக்கெழம பேசறதுக்கு கவுஞ்சிக்கு வரச் சொன்னாரு மச்சான். வெள்ளனே பைக்ல கெளம்பினோம். பூம்பாறைகிட்ட டீக்கு நிறுத்தினேன். மூட்டம், ரோடே தெரியல. அவ டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னா. அப்பத்தான் சொன்னேன்.

"தேனு, மாமா வீட்டுல என்னைய அப்பான்னு கூப்புடு."

"அம்மா தோணும்போது கூப்புட்டாப் போதும்னாங்க."

"தெரியும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். வேணும்டா."

"யாருக்கு வேணும்? எனக்கா, ஒனக்கா?"

நான் பொய் சொன்னேன் வளரு. "ஒனக்குத்தான்"ன்னேன்.

மச்சான் வீடு பூரா பூண்டுக் கட்டு தொங்குது. ரெண்டு பெரியவங்களும் வந்திருந்தாங்க, ஒங்க பங்காளிங்க. தேனு உள்ள வந்து உக்காரக் கூட இல்ல. நடுவுல நின்னு, ஸ்கூல்ல பாட்டு ஒப்பிக்கற மாதிரி, "அப்பா, தண்ணி வேணுமாப்பா?"ன்னா. என்னையப் பாக்கல. செவத்தப் பாத்துக்கிட்டு சொன்னா.

ஆறு வருசமா நான் மனசுக்குள்ள ஆசைப்பட்ட வார்த்த. ஒன்கிட்ட கூட சொல்லல, வெக்கமா இருந்துச்சு. அது இப்படி வரும்னு நெனக்கல.

அக்கா அவள இழுத்து மடியில வச்சுக்கிட்டு, "ஏத்தா, இது யாரு சொல்லிக் குடுத்தது?"ன்னாங்க.

தேனுக்குத்தான் பொய் வராதே. "முத்து"ன்னா.

பெரியவர் ஒருத்தர் சிரிச்சுட்டாரு. "பரவால்லயே, நல்லாத்தான் டிரெயினிங் குடுத்துருக்காரு!" மச்சான் சிரிக்கல. "மாப்ள, புள்ளைக்கிப் பொய்யா சொல்லிக் குடுக்கறீங்க?"ன்னாரு. அதுல கோபம் கூட இல்ல. நான் தரையப் பாத்துக்கிட்டு, "ஆமா மச்சான், நான்தான்"ன்னேன்.

அப்பறம் அவளையே கேட்டாங்க. "நீ சொல்லுத்தா. இங்க இருக்கியா, அங்க இருக்கியா? யாரு கூட இருக்கணும் ஒனக்கு?"

அவ ரொம்ப நேரம் யோசிச்சா. யோசிச்சுட்டு, "அம்மா கூட"ன்னா.

அக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க. மச்சான் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "பரீட்ச முடியட்டும். மே மாசம் திரும்பக் கேப்போம். அது என்ன சொல்லுதோ அதுதான்"ன்னாரு. அவரும் ஒன் அண்ணன்தான் வளரு.

திரும்பி வந்து நாலு நாள் ஆச்சு. தேனு என்னைய எதுவும் கூப்புடறதில்ல. முத்துன்னும் இல்ல, அப்பான்னும் இல்ல. ஏதாச்சும் வேணும்னா பக்கத்துல வந்து நிக்கறா. நானா பாத்து, என்னடான்னு கேக்கணும். நேத்து ஸ்கூல் கேட்டுல மத்த புள்ளைங்கல்லாம் கத்துது. இவ சும்மா நின்னுக்கிட்டிருந்தா. குளுருல ஒதடு நடுங்குது, வெரசா வான்னு கூடச் சொல்லல.

இருந்த ஒரு பேரையும் நான் கெடுத்துட்டேன்ல? இத எதக் கழட்டி, எத மாட்டி சரி பண்றது? நீ இருந்தா என்ன செய்யச் சொல்லுவ? ஒரு தடவயாச்சும் திட்டக் கூடாதா?

இன்னைக்கு சாயங்காலம் அவகிட்ட சொல்லப் போறேன். பூம்பாறையில நான் சொன்னது பொய், வேண்டியது எனக்குத்தான், ஒனக்கில்லன்னு. இனிமே அந்த வார்த்தையக் கேக்க மாட்டேன். மே மாசம் அவங்க கேக்கும்போது நான் அந்த வீட்டுக்குள்ள இருக்க மாட்டேன், வெளிய ரோட்டுல நிப்பேன். கவுஞ்சிதான்னு அவ சொன்னா, அவ ஸ்வெட்டர நானே மடிச்சு வைப்பேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் பைக்க எடுத்துட்டுப் போயி நிப்பேன், எந்த மொறையில வந்தேன்னு யாரு கேட்டாலும். வகுத்து வலிய யார்கிட்ட சொல்லணும்னும் அவளே பாத்துக்குவா, அது நானா இல்லாட்டியும் பரவால்ல. இது ஒனக்கு நான் தர்ற வாக்கு. இதச் சொல்லும்போது எனக்குப் பயமா இருக்கு வளரு. அவளும் போயிட்டா நம்ம வீட்டுல நான் யாரு?

ஒன் புருசன்,
தேனுக்கு என்ன மொறையோ, அவதான் சொல்லணும்,
முத்து