சந்திரனில் நிறை

ஒக். 6, திங்கள்
விடியவே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது போதும். இங்காவது எழுதிவைக்கிறேன்.

தரம் 11, விஞ்ஞான அலகுப் பரீட்சை திருத்தல். கேள்வி 4: ஒரு கல்லைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் அதன் நிறைக்கு என்ன நடக்கும்? "மாறாது." அடுத்த தாளிலும் "மாறாது." கெட்டிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும். "குறையும்" என்று சரியாக எழுதியவன் நிரோஜன் மட்டும். வகுப்பில் நான் போட்டுக் காட்டிய பாட வீடியோ ஓடும்போது நித்திரை கொண்டவன்.

பிரஷர் குளிசை முடிகிறது. மோ. சைக்கிளுக்கு பிளக்.

ஒக். 7, செவ்.
வகுப்பில் கேட்டேன். தர்சிகா எழும்பினாள்.

"சேர், நிறை எங்கையும் மாறாதெண்டுதானே வீடியோவிலை சொன்னது. எடைதான் மாறுமாம்."

"எடை எண்டு எங்கடை புத்தகத்திலை எங்கை பிள்ளை இருக்கு?"

பின்வாங்கிலிருந்து ஒருவன்: "சேர், வீடியோவிலை வாற அண்ணா இந்தியா. அவையின்ரை சந்திரன் வேறையாக்கும்."

சிரிப்பு. எனக்கும் வந்தது.

வீடியோவில் பிழையில்லை. நாம் திணிவு என்பதை அவர்கள் நிறை என்கிறார்கள். நாம் நிறை என்பதை எடை. அவர்களின் நிறை மாறாது, எங்களுடையது சந்திரனில் குறையும். படம் அருமை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த விண்வெளிக்காரன் துள்ளுவதைக் கரும்பலகையில் என் சோக்கட்டியால் ஒருநாளும் காட்ட முடிந்ததில்லை. அதனால்தான் நான் படிப்பித்தது அழிந்து அது பதிந்துவிட்டது.

ஒக். 8, புதன்
மழை. பிரதி அதிபரிடம் போனேன். வீடியோக்களைத் தெரிவுசெய்தவர் அவர்தான். என்னைவிட இளையவர், அந்தப் பதவிக்கான நேர்முகத்தில் என்னைத் தாண்டிப் போனவர்.

"ஒரு சொல்லுத்தானே அண்ணை. வகுப்பிலை திருத்தி விடுங்கோவன்."

"என்ரை வகுப்பிலை திருத்துவன். மற்றப் பள்ளிக்கூடங்களிலை?"

இதே வீடியோத் தொகுப்பு அடுத்த கிழமை கல்வி வலயம் முழுக்கப் போகிறது. விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடங்களுக்கும். அங்கே திருத்த யார்? பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையிலும் "மாறாது" என்றே எழுதுவார்கள்.

"கனடாவிலையிருந்து பழைய மாணவர் வருகினம், வகுப்புக்குத் தந்த ஸ்மார்ட் போட்டைத் திறந்துவைக்க. இந்த நேரம் உந்தக் கதையைக் கிளப்பாதேங்கோ. உங்களுக்கு என்னிலை கோவம், எனக்குத் தெரியும்."

கோபம் உண்டுதான். கல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்.

ஒக். 10, வெள்ளி
வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி. "எழுத்திலை தாங்கோ சேர், உங்கடை பிரதி அதிபருக்கூடாக." நல்ல வழி.

சாவகச்சேரிச் சந்தையில் தர்சிகாவின் தாய். "பிள்ளைக்குப் புள்ளி குறைச்சிட்டியளாம். நீங்கள் போட்டுக் காட்டினதைத்தானே சேர் அவள் எழுதினவள்?"

கத்தரிக்காய் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஒக். 12, ஞாயிறு
தூறல். முதுகு நோ. வலயத்து ஆசிரியர், பெற்றோர் எல்லாரும் இருக்கும் முகநூல் குழுவுக்கு எழுதினேன். முதலில் நீண்டுவிட்டது. நேர்முகம், பதவி, கனடா எல்லாம் உள்ளே வந்துவிட்டன. வெட்டினேன். மிஞ்சியது: "வீடியோவில் வரும் நிறை, நம் பாடநூலின் திணிவு. நம் பாடநூலின் நிறை சந்திரனில் குறையும். பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்."

மனைவி வாசித்தாள். "பேரைப் போட்டால் சனம் உங்கடை கோவத்தைத்தான் வாசிக்கும்."

உண்மை. பெயரில்லாமல் போடுகிறேன்.